மஞ்சள் துணியை அவிழ்த்த காலை

அன்று காலை என் மகள் ரேவதி சிரித்தாள். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. இடது கண்ணை மூடச் சொன்னேன், மூடவில்லை.

இடது காதில் சீழ் வடிவது அவளுக்குப் புதிதல்ல. மூன்றாம் வகுப்புப் பிள்ளை, கூப்பிட்டால் வலது காதைத் திருப்பித்தான் கேட்பாள். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்குச் செலவில்லை. ஆனால் நாங்கள் கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகும் கூலிக்காரர்கள். பிள்ளையோடு ஒருவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. கிழங்கு வேலை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனோம்.

இன்னொன்றும் உண்டு. வடக்கனந்தலில் எங்கள் தெரு மாரியம்மனுக்குக் காதுகுத்து வேண்டுதல் பாக்கி. கிடா வெட்டி, சொந்தபந்தத்துக்குச் சோறு போட்டு, என் அண்ணன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். அது பாக்கி நிற்பதால்தான் காது வடிகிறது என்று என் நாத்தனார் அடித்துச் சொல்வாள். அதற்கென்று கூலியில் மிச்சம் பிடித்து மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்திருந்தோம். வீட்டில் வேறு காசு கிடையாது.

"அத எடுத்துக்கினு ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்றேன்.

"சாமி காச தொடுவாங்களா? புள்ளைக்கு இன்னும் இன்னா ஆவுமோ" என்றார் என் வீட்டுக்காரர்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். பூசாரியிடம் பூ கேட்கச் சொன்னேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். "தாயே, உன் காசைத் திருட வரவில்லை. நீ கொடுத்த பிள்ளைக்குத்தான் கேட்கிறேன்" என்று அழுதேன். ரேவதியே ஒரு பொட்டலத்தை எடுத்தாள். என்னால் பார்க்க முடியவில்லை.

பூசாரி பிரித்தார். "வெள்ளப் பூம்மா. கெளம்பு."

மஞ்சள் துணியை அவிழ்த்துக் காசை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. "சீழ் எலும்ப அரிச்சிடுச்சும்மா. இன்னும் வுட்டிருந்தா மூளைக்குப் போயிருக்கும்" என்றார். உடனே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார்கள். அறைக் கதவைச் சாத்தியதும் எனக்கு வேண்டிக்கொள்ளக்கூட வார்த்தை வரவில்லை. "தாயே, தாயே" என்பது மட்டும்தான் வந்தது. கதவு அசையும்போதெல்லாம் எழுந்து நின்றேன். கடைசியில் டாக்டரம்மா வந்து, "புள்ள கண்ணு முழிச்சிட்டா" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே தங்கியிருந்த நாட்களெல்லாம் எங்களுக்குச் சோறு போட்டது அந்த மஞ்சள் துணிதான்.

முகம் நேராகச் சில மாதங்கள் ஆயின. அந்தக் காது பாதிதான் கேட்கிறது, சீழ் மட்டும் நின்றுவிட்டது. காதுகுத்தைக் கிடா இல்லாமல், பொங்கல் வைத்து முடித்தோம். நாத்தனாரும் இரண்டு முறை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டாள்.

அம்மனை நம்பும் சனங்களே, உங்கள் வீட்டிலும் காது வடியும் பிள்ளை இருந்தால், எனக்கு வந்த வெள்ளைப் பூ உங்களுக்கும் வந்ததாக நினைத்து இன்றைக்கே கிளம்புங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். ரேவதி தூங்கும்போது இரண்டு கண்ணும் மூடியிருக்கிறதா என்று இன்னும் குனிந்து பார்க்கிறேன். மூடியிருக்கிறது, தாயே.