கணப்புக்குப் பின்னால் சுட்ட சுவர்

அருந்தவன் மெல்பனில் பஸ் ஓட்டுபவன். மலையடிவாரத்தில் அவன் வாங்கிய பழைய வீட்டில் செங்கல் கணப்பு ஒன்று இருந்தது. எவ்வளவு விறகு போட்டாலும் சூடு புகைக்கூண்டு வழியே போய்விடும். அதற்குள் இரும்பு ஹீட்டர் ஒன்றைப் பொருத்தித் தரச் செந்தூரனைக் கூப்பிட்டான். படிக்க வந்த காலத்தில் ஒரே அறையில் கிடந்தவர்கள் அவர்கள். அருந்தவனின் கலியாண எழுத்தில் சாட்சிக் கையெழுத்து வைத்தவனும் செந்தூரன்தான். இப்போது ஹீட்டர் பூட்டுவது அவன் தொழில்.

"செங்கலுக்குப் பின்னால மரச்சட்டம் இருக்கு. சுத்திவரத் தீப்பிடிக்காத பஞ்சு அடைக்க வேணும்" என்று அவனே விளக்கினான். வேலை முடிந்ததும் விளிம்பில் வெள்ளையாகத் தெரிந்த பஞ்சைக் காட்டினான். "இனிப் பயமில்லாம எரி மச்சான்."

குளிர் தொடங்கியதும் அவன் மனைவி நாகலட்சுமி, கணப்புக்குப் பின்பக்கமிருந்த படுக்கையறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "சுவர் சுடுகுதப்பா."

"செந்தூரன்ர வேலையில பிழை பிடிக்காத" என்று அருந்தவன் எரிந்து விழுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த செந்தூரனிடமே அவள் கேட்டாள். ஹீட்டருக்கு முன்னால் புட்டைக் குழைத்தபடி அவன் சிரித்தான். "புதுசில அப்பிடித்தான் தங்கச்சி."

அந்த மாதமே ஒரு மாலை சுவரிலிருந்து புகை வந்தது. தீயணைப்புப் படையினர் சுவரை வெட்டினார்கள். உள்ளே மரச்சட்டம் கரியாகியிருந்தது. ஹீட்டரை இழுத்து வெளியே எடுத்தபோது, கண்ணுக்குத் தெரிந்த விளிம்பில் மட்டும்தான் பஞ்சு. பின்னால் வெறும் இடைவெளி.

வாசலில் நின்றபடியே அருந்தவன் செந்தூரனுக்குப் போன் எடுத்தான். "பின்னால ஏன்டா பஞ்சு இல்லை?"

"அண்டைக்குக் கொண்டுவந்த பஞ்சு போதாமப் போச்சு மச்சான். பிறகு வந்து போடுவம் எண்டு நினைச்சனான். சொல்ல வெக்கமாயிருந்தது."

"லட்சுமி உன்னட்டக் கேட்டவள். அந்தச் சுவருக்குப் பக்கத்திலதான் அவள் படுக்கிறவள். தெரிஞ்சுகொண்டுதானே சிரிச்சனி?"

"நான் இப்பவே வந்து…"

"வராத."

சுவரை வேறு ஆட்கள் கட்டினார்கள். கணப்பை அருந்தவன் செங்கல் வைத்து அடைத்துவிட்டான். நாகலட்சுமியிடம், "உன்னை நம்பாம விட்டிட்டன்" என்றான். "ஓம்" என்றாள் அவள்.

தை மாதம் கேரம் டவுன்ஸ் கோயிலில் செந்தூரன் எதிரே வந்தான். பழக்கத்தில் அருந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டு மனைவியின் பின்னால் நடந்தான்.