வாசிக்காமல் வாங்கிய பொன்னாடை

திண்டுக்கல்லில் என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி, வெளியீட்டு விழாவில் பேச அழைத்தார். முன்னுரையை மட்டும் வாசித்துவிட்டு மேடையேறி, "என்னவொரு துணிச்சல்!" என்று புகழ்ந்து தள்ளினேன். பொன்னாடை போர்த்தினார்கள்.

கீழே இறங்கியதும் அவருடைய தங்கை வழிமறித்தார். "டீச்சர், எம்புருசன் என்னைய விட்டுட்டுப் போனதை எம்பேரைப் போட்டே எழுதியிருக்காரு அண்ணன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவமானம் எனக்கு, துணிச்சல் அவருக்கா?"

அந்த ஆசிரியர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம். நேராகப் போய்ப் பொன்னாடையை அவர் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

இப்போது முழுதாக வாசிக்காமல் எந்த மேடையும் ஏறுவதில்லை. அழைக்க வருகிறவர்களிடம், "இதுல வர்றவங்ககிட்ட கேட்டுத்தான் எழுதுனீங்களா?" என்கிறேன். பாதிப் பேர் திரும்ப வருவதில்லை. வரவே வேண்டாம்!