உங்களுக்கு அடுத்தது வரும்

டீக்கடைக்காரர் நீட்டும் கிளாஸை வாங்கிய கையோடு, பின்னால் வந்து நிற்பவரிடம் கொடுத்துவிடுகிறார் ஆதிநாராயணன். "நீங்க குடிங்க, எனக்கு அடுத்தது வரும்." அடுத்ததும் வேறு யாருக்காவது போகும். விருத்தாசலம் பஸ் நிலையத்தில் பஸ் உறுமத் தொடங்கியதும், பல நாள் டீ குடிக்காமலேயே ஏறிவிடுவார். உள்ளே அவருக்கு இடம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை.

பஸ் போய் நிற்கும் இடத்தில் ஒரு பெரிய ஆலை. அங்கே கண்ணாடி அறைக்குள் சுவரை அடைத்து நிற்கும் கம்ப்யூட்டருக்கு அவர் ஆபரேட்டர். வயது நாற்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்த அக்கா மாரியம்மாளும் அவள் மகள் அம்புஜவல்லியும்தான் குடும்பம். அக்காவுக்குப் பீங்கான் பட்டறையில் அச்சுக்குக் களிமண் குழம்பு ஊற்றும் வேலை.

"அந்த மிஷின்ல அப்படி என்னதான்டா பண்ற?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"ஒன் பலகையில எத்தன அச்சு நிக்கும்? மீதி கொட்டாயிலதான கெடக்கும்? அதுமாரிதான். மிஷினுக்கு மெமரின்னு ஒரு சின்னப் பலகை. எடம் பத்தலன்னா பாதிய டிஸ்க்குல கொண்டுபோய்ப் போடும். வேணுங்கறப்ப எடுத்தாரும். அடிக்கடி தேவப்படுறத மட்டும் கைக்கிட்டயே வச்சிக்கும்."

"நாங்களாவது பீங்கானத் தூக்குறோம். நீ காத்தத் தூக்கிட்டு வந்து இடுப்பு வலிங்குற."

ஒரே சமயத்தில் எத்தனை வேலைகளை உள்ளே விடலாம் என்று இயந்திரத்துக்குச் சொல்பவர் அவர்தான். இரண்டாக இருந்ததை நான்காக்கியவரும் அவர்தான். "நம்மளதையும் சேத்துப் போடுங்க" என்று யார் வந்து நின்றாலும், இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நான்கும் உள்ளே போயின, ஒன்றும் நகரவில்லை. ஒன்றுக்கு இடம் கொடுக்க இன்னொன்றை வெளியே தள்ளி, தள்ளியதையே மறுநொடி தேடி, டிஸ்க் பெட்டி கடகடவென்று நடுங்கியது.

போன தை மாதம் அந்த நடுக்கத்தின் முன்னால் அவர் கட்டுண்டு கிடந்த மாலையில்தான் அம்புஜவல்லியைப் பெண் பார்க்க வந்தார்கள். வேலை முடியாமல் ஆபரேட்டர் எழுந்திருக்க முடியாது. "மாமன் இல்லாத வூட்ல யார்கிட்டப் பேசுறது?" என்று வந்தவர்கள் காபியைத் தொடாமல் எழுந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் கண்ணாடி முன் நின்று அவர் பார்த்ததில்லை.

இன்று கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருகிறார்கள். "இன்னிக்கும் நீ வரலன்னா, இனிமே இந்த வூட்டுப் பக்கம் யாரும் தலவெச்சுப் படுக்கமாட்டாங்க தம்பி" என்று சொல்லித்தான் அக்கா காலையில் அனுப்பினாள்.

மதியம் தாண்டியும் பெட்டி நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆதிநாராயணன் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடக் களைப்பும் அந்த நாற்காலியில் அவரோடு உட்கார்ந்திருந்தது. பிறகு மெல்லக் கையை நீட்டி, நான்கை மறுபடி இரண்டாக்கினார். கடைசியில் வந்த இரண்டு வேலைகள் வெளியே போய் நின்றன. அதில் ஒன்று கணக்குப் பிரிவு நடராசனுடையது. இன்று பெண் பார்க்க வருவது அவருக்கும் தெரியும்.

"என்னுத ஏன்யா எடுத்தீங்க?"

"செத்த வெளிய இருக்கட்டும் சார். இது ரெண்டும் முடிஞ்சதும் கூப்புட்டுக்குறேன்."

"ஒங்க அக்கா பொண்ணுக்குன்னா மிஷின் ஓடும், எனக்குன்னா ஓடாதா?"

நடுக்கம் நின்றது. இரண்டும் முடிந்தன, அழைத்ததும் மற்ற இரண்டும் முடிந்தன. நடராசன் தாள்களை அள்ளிக்கொண்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார். ஆதிநாராயணன் ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தார். இன்றும் நின்றுகொண்டேதான் வந்தார்.

ஒற்றை அறை வீடு நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாயில். பக்கத்து வீடுகள் முழுக்க வாசலில். "மாமன் வந்துட்டாரு" என்று அக்கா வாசல்வரை கேட்கச் சொன்னாள். அவருக்கென்று பாயில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். உட்கார்ந்தார்.

அம்புஜவல்லி எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, கடைசி டம்ளரை அவரிடம் நீட்டினாள். வாங்கிய கை, பழக்கப்படி வாசல் பக்கம் நீண்டது. அங்கே நின்ற பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி, பழக்கப்படியே கை நீட்டினார்.

"செத்த இருங்க. ஒங்களுக்கு அடுத்தது வரும்" என்றார் ஆதிநாராயணன். டம்ளரைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஆற்றாமலேயே குடித்தார்.