ஊதச் சொன்னவன்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு கேட் சூப்பர்வைசர் வேலை. டிரெய்லர் ஓட்டி வருகிற டிரைவர்களை வாசலில் இறக்கி, குடித்திருக்கிறார்களா என்று மெஷினில் ஊதச் சொல்லுவேன். பூஜ்யம் காட்டினால் உள்ளே விடுவேன். ஷிப்ட் தொடங்கும்போது முதலில் நானே ஊத வேண்டும் என்பது விதி. நான் ஊதியதே இல்லை. குழாயைக் காற்றில் நீட்டிப் பொத்தானை அமுக்கினால் அது பாட்டுக்குப் பூஜ்யம் காட்டும். வாயில் கிராம்பு, சட்டையில் சென்ட், வயிற்றில் காலையிலேயே ஊற்றிய சரக்கு. பன்னிரண்டு வருஷம் இந்த லட்சணத்தில்தான் ஊரார் மூச்சைச் சோதித்தேன்.

ஒரு நாள் கை நடுக்கத்தில் குழாயை மெஷினில் சொருக முடியவில்லை. வரிசையில் நின்ற டிரைவர் ஒருவர், "இங்கன தாங்க அண்ணாச்சி, நான் மாட்டுதேன்" என்று வாங்கி மாட்டி, ஊதிக் காட்டிவிட்டுப் போனார். அவர் கேலி செய்திருந்தால் எரிந்து விழுந்து தப்பித்திருப்பேன். அவர் பரிதாபப்பட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம் ஊரில் எங்காவது நடக்கிறதா என்று அன்றைக்கு செல்போனில் தேடினேன், கக்கூஸுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. சாராயக் கடைக்கு நடுரோட்டில் நின்று வழி கேட்டவன்தான் நான். இதை யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. கிடைத்த நம்பரில் ஒரு வயதானவர் பேசினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி, மாதா கோயிலுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கிற அறை என்றார். பேர் கேட்கவில்லை. இரண்டு ஞாயிறு சர்ச் வாசல் வரை போய், யாரையோ தேடி வந்தவன் மாதிரி அங்குமிங்கும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது ஞாயிறு உள்ளே போனேன்.

சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் திரும்பினார். வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தேன்.

நான் வேலையை விட்டுத் துரத்திய டிரைவர் அவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஊதினார்; மெஷின் கொஞ்சமாகக் காட்டியது. "நேத்து ராத்திரி குடிச்சது அண்ணாச்சி, காலைல தொடலை" என்றார். அந்த மாதிரி வருகிறவர்களை ஓரமாக உட்கார வைத்து, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை ஊதச் சொல்வது எங்கள் கேட்டில் வழக்கம். அன்றைக்கு மேனேஜர் பக்கத்தில் நின்றார். என் வாடை அவருக்கு எட்டிவிடுமோ என்ற பயத்தில், அவரை விட்டு விலகி டிரைவர் பக்கம் போய், "ஏலே, குடிகாரப் பயலுக்கு வண்டி ஒரு கேடா?" என்று கத்தினேன். இரண்டாவது தடவை ஊத விடவில்லை. அவருடைய கேட் பாஸ் ரத்தானது. வேறு யார்டுகளிலும் அவரைச் சேர்க்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி" என்று ஒரு டம்ளர் டீயை என் கையில் கொடுத்தார். பெஞ்சில் இடம் காட்டினார்.

வாரா வாரம் போனேன். குடி நின்றது. மனைவியைக் கை நீட்டி அடித்தது, மகள் கல்யாணப் பேச்சு நடந்த வீட்டில் வாந்தி எடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவரைத் துரத்தியதை மட்டும் சொல்லவில்லை. ஆறு மாதம் முடிந்த அன்று எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். கூட்டம் கலைந்து, டம்ளர் கழுவும்போது கேட்டார்:

"எல்லாஞ் சொன்னிய அண்ணாச்சி. நம்ம கதையை மட்டும் விட்டுட்டியளே?"

"அன்னைக்கு நானும் குடிச்சிருந்தேன் தம்பி."

"தெரியும். கிட்ட வந்துல்லா கத்துனிய, வாடை அடிச்சிது."

"அப்பமே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எவன் நம்புவான்? குழாய் உங்க கையிலல்லா இருந்திச்சு."

அவர் இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறார். பாதிச் சம்பளம். மன்னிப்பெல்லாம் வேண்டாம், மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னால் பாஸ் திரும்பக் கிடைக்கும் என்றார். தலையை ஆட்டினேன். சொன்னால் என் வேலை போகும். மேனேஜர் அறை வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். இவ்வளவு கோழையாக இருப்பது எனக்கே அருவருப்பாக இருந்தது.

மூன்றாவது தடவை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷம் டூட்டியில் குடித்தேன், மெஷினை ஏமாற்றினேன், இப்போது விட்டுவிட்டேன் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மேனேஜர் என்னைவிடச் சின்னவர். எழுந்து வந்து தோளில் கை வைத்து, "இதைச் சொல்லத் தைரியம் வேணும் சார். பழசை விடுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். காற்றில் நடப்பது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகப் போனேன். அவர் டீத்தூள் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன் தம்பி. மேனேஜர்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அவர் டப்பாவை வைத்துவிட்டுக் கையை லுங்கியில் துடைத்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

"என் பாஸுக்கு என்ன சொன்னாரு?"

கேட்கவில்லை. அரை மணி நேரம் என் குடி, என் நடுக்கம், என் பாவம் என்று அழுதிருக்கிறேன். அவர் பேச்சு வருவதற்குள் எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது, எழுந்து வந்துவிட்டேன்.