சவுதியிலிருந்து வந்துகொண்டே இருந்த முயல்

ஜொஹரா அக்கா தவறிட்டாங்க. நேற்று மதியம் அடக்கம் முடிந்தது.

நடந்து போய்த் திரும்பியதில் கால் கடுக்கிறது. படுக்கவும் பிடிக்கவில்லை... அதனால் எழுதுகிறேன்.

நான் எழுதப் படிக்கக் கற்றது போன வருஷம்தான். செல்போனில் ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி வைக்கிறேன். லேட்டாகும். ஆனால் முடித்துவிடுவேன்.

குத்தாலம் பக்கம் எங்கள் ஊர். தெருவிலேயே முதல் கலர் டிவி அக்கா வீட்டில்தான். அவங்க வீட்டுக்காரர் கமால் பாய் சவுதியில் டிரைவர். அவர் அனுப்பியது.

வீட்டுக்குப் பின்னால் அவங்க வயல். எனக்கு அங்கேதான் வேலை. மோட்டார் ஓடினால் வோல்டேஜ் இறங்கி, டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கான பொம்மைப் படம் வரும். தெருப் பிள்ளைகள் கொல்லையில் நின்று மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்துவார்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு நானும் போய்க் கடைசியில் உட்கார்ந்துகொள்வேன்.

படம் முழுக்க இந்தி. ஒருத்தருக்கும் ஒன்றும் புரியாது... அக்காவுக்கும்தான். ஆனால் கதை சொல்வது அக்காதான்.

தொப்பி போட்ட ஒரு முயல், முதுகில் மூட்டையோடு வாராவாரம் ஓடும்.

"இவரு சவுதியிலேர்ந்து வீட்டுக்கு வர்றாரு. மூட்டை பூரா சென்ட்டு, தைலம், புள்ளைங்களுக்கு மிட்டாய்."

"இந்த வாரம் வந்துடுவாரா மாமி?"

"வந்துடுவாரு. வழியில ஆத்துல தண்ணி வந்துடுச்சு, அதான் லேட்டு."

அடுத்த வாரம் பஸ் ஸ்டிரைக். அதற்கடுத்த வாரம் முயலுக்குக் காய்ச்சல்...

ஒரு தடவை கமால் பாய் லீவில் வந்திருந்தார். சவுதியில் ரூமில் எல்லாரும் இந்திக்காரர்கள், அதனால் அவருக்கு இந்தி நன்றாகத் தெரியும். படத்தையும் அக்கா சொன்ன கதையையும் சேர்த்துக் கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடியே ஜொஹரா, அது திருட்டு முயலுடி! மூட்டையில இருக்கிறது கேரட்டு. தோட்டக்காரன் துரத்துறான்!"

டெய்லர் மகள் செல்வி திரும்பி முறைத்தாள். "நீங்க பேசாம இருங்க மாமா. நீங்க ஊர்லயே இல்ல, உங்களுக்கு என்ன தெரியும்?"

ஹாலே சிரித்தது. பாயும் சிரித்தார். அக்கா மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாங்க.

அன்றைக்கு மோட்டாரைப் போடக் கொல்லைப் பக்கம் போனபோது உள்ளே பேச்சு கேட்டது.

"கும்பகோணத்துல உங்க அண்ணன் கடைக்கு இடம் தர்றேங்கிறாரே... இங்கேயே இருந்துடுங்களேன்."

"இன்னும் ரெண்டே வருஷம் ஜொஹரா. அதோட வந்துடுறேன்."

பாய் கிளம்பிப் போன பிறகு வந்த ஞாயிறு. டிவியில் முயல் வந்தது. பிள்ளைகள் அக்கா முகத்தைப் பார்த்தார்கள்.

"இன்னைக்கு நீங்களே பாருங்கடா"ன்னு சொல்லிட்டு அக்கா அடுப்படிக்குப் போயிட்டாங்க.

சும்மா இருக்க முடியாமல் நான்தான் வாயைத் திறந்தேன். "அவரு இப்ப ஏர்போர்ட்டுக்கு வந்துட்டாரு..."

"உங்களுக்குச் சொல்லத் தெரியல"ன்னு செல்வி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அந்த ரெண்டு வருஷம், பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் ஆகும்வரை நீண்டது. நடுவில் கேபிள் வந்தது, கார்ட்டூனெல்லாம் தமிழே பேசியது. பாய் ஊரோடு வந்தபோது தலை முழுக்க நரை.

போன மாசம் அக்காவுக்குப் பேப்பரில் ஒரு பத்தி படித்துக் காட்டினேன். வேர்த்துவிட்டது எனக்கு. "கோவிந்தராசு, இனிமே உங்களைப் பிடிக்க முடியாது"ன்னு கை தட்டினாங்க. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நேற்று அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். நானும் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிந்தராசு... அதுக்குள்ள கிளம்பாதீங்க. வீட்டுல யாருமில்ல. கொஞ்சம் இருங்க."

விளக்கு வைக்கும்வரை இருந்தேன்.

நாளைக்கும் போவேன் அக்கா. நீங்க போய்ட்டு வாங்க...