வெள்ளிக்கிழமைப் புகை

ஐம்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் குடியிருந்தோம். என் மனைவிக்கு இழுப்பு. ஆஸ்துமா என்ற சொல்லை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். பிழையில்லாமல் எழுதவும் தெரியும். அதனால் அந்த நோயின் மேல் எனக்கு ஏதோ அதிகாரம் இருப்பதாக நினைப்பு.

காரணங்களை நானே கண்டுபிடித்தேன். எதிர் வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை உடைக்கிற தூசி என்று ஜன்னலை மூடினேன். மிளகாய் வறுக்கக் கூடாதென்று உத்தரவு போட்டேன். ஆனால் பெரிய குற்றவாளி வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல்தான் என்று தீர்மானித்தேன். அன்றைக்கு இழுப்பு தவறாமல் வரும். தலை ஈரம் மார்பில் இறங்குகிறது என்பது என் சித்தாந்தம். அந்த ஈரத்தை உலர்த்த, கொட்டாங்கச்சி நெருப்பில் சாம்பிராணி தூவி, மேலே கூடையைக் கவிழ்த்து, அவள் கூந்தலை அதன்மேல் விரித்துவிடுவேன். இரைத்தால் இன்னும் ஒரு கை தூவுவேன். எங்கள் தெருவில் பெண்டாட்டிக்குப் புகை போடுகிற ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். அதில் பெருமை வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது. உள்ளூரில் ஊசி போட்டு உயிரைத் திருப்பினார்கள். மறுநாள் ரயிலேறி விழுப்புரத்தில் பெரிய டாக்டரிடம் போனோம்.

“எப்பம்மா வருது?” என்றார்.

“வெள்ளிக்கிழமைதோறும், தலைக்குக் குளிச்சதும்…” என்று நான் ஆரம்பித்தேன்.

“சார், இழுப்பு உங்களுக்கா? கொஞ்சம் சும்மா இருங்க.”

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: “குளிச்சா ஒண்ணும் ஆவலிங்க. இவரு சாம்பிராணி போட்டாத்தான் நெஞ்ச அடைச்சிக்கினு வருது.”

“முதல்லியே சொல்றதுக்கு என்ன?” என்றேன்.

“எத்தினி தபா கைய ஆட்டினேன், போதும் போதும்னு? நீங்க இன்னும் கேக்கறேன்னு நெனச்சிக்கினு அள்ளிப் போட்டீங்க. அப்புறம் மூச்சு வந்ததும் சொல்லலாம்னா, ஆசையா போடறாரேன்னு வுட்டுட்டேன்.”

“ஆசையா போட்டாலும் பொகை பொகைதாம்மா” என்றார் டாக்டர், என்னைப் பார்த்து.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வெயிலில் நின்று தலையை உலர்த்தினாள். நான் எட்ட நின்று அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தேன். இரைப்பு வரவில்லை.

“இன்னாங்க அப்டி பாக்கறீங்க?” என்றாள்.

கல்யாணமாகி நான்கு வருஷம். வருஷத்துக்கு எத்தனை வெள்ளிக்கிழமை என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.