வாயுத் தொல்லைக்கு நடை

மேலகரத்தில் எங்கள் தெருவில் சோம்பேறி என்று பேர் எடுத்தவர் அப்பா. முக்குக் கடைக்கு வெற்றிலை வாங்கப் போகவும் சைக்கிள் வேண்டும். அப்படிப்பட்டவர் ஒரு வைகாசி மாதத்தில் சைக்கிளைத் துடைத்துச் சுவரோரம் சாத்திவிட்டு, இனி தென்காசித் தாலுகா கச்சேரிக்கு, வேலைக்கு, நடந்துதான் போவேன் என்றார். தான் நடந்தது போதாதென்று, பஸ்ஸுக்கு நிற்பவர்களையும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"நடந்து பாரும்வே, வாயுத் தொல்லை வந்த வழி தெரியாம ஓடிரும்" என்று ஜவுளிக்கடைக் கணக்கரிடம் சொன்னார். டிராயிங் வாத்தியாருக்கு மூட்டுவலி, தபாலாபீஸ்காரருக்குத் தொந்தி. ஆளுக்கொரு நோயை அப்பாவே கண்டுபிடித்துக் கொடுத்தார். பத்து நாளில் மூவரும் அவரோடு நடக்கத் தொடங்கினார்கள்.

அந்த மாதம்தான் அத்தைக்குத் தென்காசியில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அத்தை அப்பாவின் தங்கை. சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு இருந்தாள். வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். குற்றாலச் சீசன் கூட்டத்தில் பஸ்ஸில் இடிபட்டுப் போகக்கூடாது, ரோட்டில் தனியாக நடக்கக்கூடாது, சைக்கிளில் பின்னால் உட்காரக்கூடாது, மற்றபடி தாராளமாக வேலைக்குப் போகலாம் என்றார். கடைசியில், தெருக்காரர்கள் முன்னால் போனால் அவர்கள் பின்னால் அவள் போகட்டும் என்று இறங்கி வந்தார். ஒரு நாள் தனியாகப் போனாள் என்று காதில் விழுந்தாலும் வேலை அன்றோடு சரி. அதே பள்ளியில் படித்த நான் கூடப் போவது அவர் கணக்கில் சேராது. மாலையில் பள்ளிக்கூட ஆயா துணைக்கு வருவாள். காலையில்தான் ஆள் வேண்டும். அப்பாவுக்கோ மாதத்தில் பாதி நாள் வெளியூர் முகாம்.

அத்தைக்காக என்று அப்பா ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. கைம்பெண்ணுக்குத் துணை கேட்டால் அதுவே ஊர்ப்பேச்சாகிவிடும். அவர்கள் முன்னால் பேசிக்கொண்டே போவார்கள். இரண்டு புளியமரம் தள்ளி நானும் அத்தையும் போவோம். அவர்கள் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

ஆடியில் ஒரு நாள் அப்பா முகாமில் இருந்தார். சாரல் என்று கிளம்பியது பாதி வழியில் மழையாக வலுத்தது. குற்றாலத்திலிருந்து வந்த பஸ்ஸை டிரைவர் அவர்கள் பக்கத்தில் நிறுத்தினார். தெரிந்தவர்கள் நனைகிறார்களே என்ற நல்ல எண்ணம்தான். மூவரும் தாவி ஏறிக்கொள்ள, பஸ் நகர்ந்தது. அத்தை அப்படியே நின்றுவிட்டாள். விரித்த குடைக்குள் என்னை இழுத்துக்கொண்டாள். ரோட்டில் வேறு ஒருவரும் இல்லை. பெரியப்பாவிடம் வத்தி வைக்கச் சங்கதி கிடைக்காதா என்று காத்திருந்தவர்கள் அந்த பஸ்ஸிலேயே இருந்திருப்பார்கள்.

கொஞ்ச தூரம் போய் பஸ் நின்றது. கணக்கர் முதலில் குதித்தார். "இறங்கும்வே, வாயு பிடிச்சுக்கிடும்லா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். முனகிக்கொண்டே வாத்தியாரும், வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி தபாலாபீஸ்காரரும் இறங்கினார்கள். கண்டக்டர் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. அப்பாவின் பிரசாரம் இவ்வளவு பலித்துவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாங்கள் கிட்டே வரும்வரை செருப்பில் சேறு வழிப்பது போல நின்றவர்கள், இரண்டு மரத் தூரம் ஆனதும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

அத்தை குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

என் புதுப் பாவாடை நனைந்தது. பையிலிருந்த நோட்டும் நனைந்தது. "அத்தே, குடைய விரிங்க" என்று அழுதேன்.

"முன்னால அவங்க நனைஞ்சுல்லா போறாங்க" என்றாள்.

அவர்கள் நனைந்தால் நாம் ஏன் நனைய வேண்டும்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அவள் கையைப் பிடிக்காமலே நடந்தேன்.